என்ன முறை வேண்டும்? திருப்பூர் லைன் வீட்டில் ஒரு சிறுமியும் சில படப் புத்தகங்களும்

கொங்கு நாட்டில் புதிதாக ஒரு குழந்தையைப் பார்த்தால் பெரியவர்கள் பெயரைக் கேட்பதற்கு முன் "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள். பதில் வந்ததும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அவர் உனக்கு என்ன முறை வேண்டும்?" முறை தெரிந்தால்தான் பேச்சு மேலே நகரும். அந்த இரண்டாம் கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்ற ஓர் எட்டு வயதுச் சிறுமியைப் பற்றியது இந்த நிகழ்வு ஆய்வு.

திருப்பூரில் ஒரு லைன் வீட்டு வளாகத்தில் ஞாயிறு மாலைகளில் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் வாசித்துக் காட்டி வருகிறேன். 2025 ஜூன் முதல் 2026 தைப்பொங்கல் வரை அங்கே நடந்ததை எழுதுகிறேன். பெயர்களும் தெருவும் இதில் இல்லை. எழுதி முடித்ததைச் சிறுமியின் வீட்டாருக்குப் படித்துக் காட்டினேன். அவர்கள் வேண்டாம் என்ற இரண்டு இடங்களை எடுத்துவிட்டேன்.

வீடும் வீட்டாரும்

லைன் வீடு என்பது எதிரெதிராக இரண்டு வரிசை அறைகள், நடுவில் ஒரு நடை, கோடியில் குழாய். ஒரு குழாயில் உப்புத் தண்ணீர் எப்போதும் வரும். நல்ல தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறை, அதுவும் விடியும் முன் வரும். குடியிருப்பவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனி ஆட்கள். தேனி, இராமநாதபுரம் பக்கத்தவர்கள் சில அறைகளில், ஒடிசா, பீகார்க்காரர்கள் சில அறைகளில். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஊரில் பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்கள் பாதிப் பேர். அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ இருந்து படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்ற பாடப்புத்தகக் குடும்பம் அந்த வளாகத்தில் மூன்று அறைகளில்தான் இருந்தது.

சிறுமியின் அம்மா ஒரு கம்பெனியில் கைமடி வேலை, அதாவது டெய்லருக்கு உதவியாள் வேலை, பார்த்தவர். அப்பா முன்பே பிரிந்து போய்விட்டார். அம்மா நோயில் இறந்தபோது சிறுமிக்கு நாலு வயது. அம்மாவோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் அன்றிலிருந்து அவளை வளர்க்கிறார்கள். ஒருவர் பேட்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர், மற்றவர் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. காகிதத்தில் பாதுகாவலர் தென்மாவட்டக் கிராமத்தில் இருக்கும் அம்மாவின் அம்மா. அவருக்குக் கண் பார்வை குறைவு, கூலி வேலைக்கும் போக முடியாது. பிள்ளையை அனுப்பச் சொல்லி அவர் கேட்டதில்லை. இவர்கள் கொண்டுபோய் விடவும் இல்லை.

இரண்டு பெண்களும் சேர்ந்து வாழத் தொடங்கிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இதை எழுத அனுமதி கேட்டபோது டெய்லர் சொன்னார்: "நாங்கள் இரண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒன்றாகத்தான் இருப்போம்ங்க. அதற்கு மேல் என்ன பெயர் வேண்டுமோ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்." நான் பெயர் வைக்கவில்லை.

எதிர் அறையில் ஒரு திருநங்கை இருக்கிறார். கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறார். விடியும் முன் எழுந்துவிடுபவர் என்பதால் நல்ல தண்ணீர் வரும் நாளில் எல்லார் வீட்டுக் குடங்களையும் வரிசையில் வைப்பதும் அவர்தான். இரண்டு பெண்களும் ஒன்றரை ஷிப்ட் போகும் நாட்களில் சிறுமி சாப்பிடுவது அவர் அறையில்.

பச்சை இலைகள்

ஜூன் கடைசியில் பள்ளியில் 'என் குடும்ப மரம்' என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அடியில் தாத்தா பாட்டி, நடுவில் அப்பா அம்மா, உச்சிக் கிளையில் 'நான்'. ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம், அதில் புகைப்படம் ஒட்ட வேண்டும். சிறுமி உச்சி வட்டத்தில் தன் படத்தை ஒட்டினாள். மற்ற ஆறு வட்டங்களுக்கும் பச்சை தீட்டி, காம்பு வரைந்து இலையாக்கிவிட்டாள். மிக நன்றாக வரைந்திருந்தாள், நரம்புகூட இருந்தது. ஆசிரியர் சிவப்பு மையில் 'முழுமையாக்கவும்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. நாற்பது தாள் திருத்துபவர் கண்ணுக்கு அது நிரப்பாத தாள்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை தாளை என்னிடம் காட்டியவள், "மரம் என்றால் இலை இருக்க வேண்டும் அல்லவா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நான் செய்த தவறு

அடுத்த வாரமே நல்லெண்ணத்தோடு ஒரு புத்தகத்தை எடுத்துப் போனேன். குடும்பங்கள் பலவகை என்று சொல்லும் வகைப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு குடும்பம். சிலருக்கு ஒரே பெற்றோர், சிலருக்கு இரண்டு அம்மா, சிலர் தாத்தா பாட்டியோடு, சிலர் தத்துப் பிள்ளைகள், எல்லாக் குடும்பமும் நல்ல குடும்பமே. படங்கள் அழகு, கருத்தும் சரி.

இரண்டு அம்மா பக்கம் வந்தபோது அறையில் இருந்த அத்தனை தலையும் சிறுமி பக்கம் திரும்பியது. யாரும் சிரிக்கவில்லை, கேலி செய்யவில்லை, திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அவள் பாவாடை விளிம்பில் இருந்த நூலை இழுத்துக்கொண்டே இருந்தாள். அடுத்த மூன்று ஞாயிறு வரவில்லை.

இதை நான் பல நாள் யோசித்தேன். பட்டியல் போடும் புத்தகம், பட்டியலில் இருக்கும் குழந்தையை நடு அறையில் எழுப்பி நிறுத்திவிடுகிறது. "நீயும் சரிதான்" என்று சொல்வதற்காக முதலில் "நீ வேறு" என்று சொல்லிவிடுகிறது. தன் வீட்டைப் பற்றி யாரும் கேட்காதவரை அந்தக் குழந்தைக்கு அது வீடு. நாம் வாய் திறந்ததும் அது வகையாகிவிடுகிறது. இத்தகைய புத்தகங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வகைக் குடும்பம் ஒன்றுகூட இல்லாத அறையில் அவை நல்ல வேலை செய்யக்கூடும். அந்தக் குழந்தை உட்கார்ந்திருக்கும் அறையில் அதை முதல் புத்தகமாக எடுத்தது என் பிழை.

முட்டையின் அம்மா

ஆகஸ்டில் அவள் திரும்ப வந்தாள். அன்று எடுத்தது பெங்குவின் கதை. நியூயார்க் சென்ட்ரல் பார்க் விலங்குக் காட்சிச்சாலையில் ராய், சைலோ என்று இரண்டு ஆண் பெங்குவின்கள் ஜோடி சேர்ந்தன. முட்டை என்று நினைத்து ஒரு கல்லை மாற்றி மாற்றி அடைகாத்தன. இரண்டு முட்டை வைத்திருந்த வேறொரு ஜோடியால் இரண்டையும் ஒருசேரப் பேண முடியாது என்பதால், காப்பாளர் ஒன்றை எடுத்து இவற்றின் கூட்டில் வைத்தார். பொரிந்த பெண் குஞ்சுக்கு டாங்கோ என்று பெயர். நடந்த சம்பவம் இது. ஜஸ்டின் ரிச்சர்ட்சன், பீட்டர் பார்னெல் இருவரும் 2005இல் படப் புத்தகமாக எழுதினார்கள். நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி அதிகம் புகார் வந்த புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் 2006, 2007, 2008 மூன்று ஆண்டும் அதற்குத்தான் முதலிடம்.

ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொன்னேன். அப்போது ஒன்று புரிந்தது. தமிழில் பெங்குவின் 'அது'. அஃறிணைக்கு ஆண் பெண் இல்லை. "இரண்டு பெங்குவின் சேர்ந்து கூடு கட்டின" என்றால் அமெரிக்காவில் சண்டை மூட்டிய செய்தி தமிழ் வாக்கியத்தில் இருக்கவே இருக்காது. நானாக "இரண்டும் ஆண்" என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன், மறைக்க விரும்பவில்லை. ஒரு பையன் "சரி, முட்டை யார் போட்டது?" என்றான். பிள்ளைகள் கல்லை அடைகாத்ததற்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிறுமி சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு கேட்டாள்: "அந்த முட்டைக்கு வேறு அம்மா இருந்தது அல்லவா? குஞ்சு பொரிந்தது அதற்குத் தெரியுமா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தப் புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம் இல்லை. மரபுக்கு வெளியே அமைந்த குடும்பங்களைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் வளர்ப்பவர்கள் பக்கம் நின்று எழுதப்படுகின்றன. இரண்டு அப்பா போதும், ஒரு அம்மா போதும், அன்பு இருந்தால் போதும் என்று நிறுவுவதில் அவற்றின் மூச்சு போய்விடுகிறது. குழந்தையோ போதும் போதாது என்ற கணக்கில் இல்லை. இல்லாமல் போன ஆள் எங்கே என்று கேட்கிறது. அவர்கள் அறையில் அம்மாவின் படம் மாட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் செக்கிங் அக்கா அதற்குப் பூ வைக்கிறார். வளர்ப்பவர்கள் மறைக்காததைப் புத்தகம் எதற்கு மறைக்க வேண்டும்?

இரண்டு அம்மா என்பது தமிழில்

லெஸ்லியா நியூமன் 1989இல் இரண்டு அம்மாக்களோடு வாழும் ஒரு சிறுமியைப் பற்றிப் படப் புத்தகம் எழுதியபோது, 'ஹெதருக்கு இரண்டு அம்மா' என்ற அதன் தலைப்பே அமெரிக்காவில் பலருக்கு அதிர்ச்சி. தமிழ்க் குழந்தையிடம் 'இரண்டு அம்மா' என்ற சொல்லில் அந்த அதிர்ச்சி எடுபடாது. பெரியம்மா, சின்னம்மா என்று பல அம்மாக்கள் அதற்கு ஏற்கெனவே உண்டு. பெரியப்பா, சித்தப்பாவும் அப்படியே. நம் மொழியில் அம்மாக்கள் குறைவில்லை. ரத்தத்திலும் கல்யாணத்திலும் வராத ஆளை என்னவென்று கூப்பிடுவது என்பதில்தான் தடுமாற்றம். கூப்பிட்டால் முறை வந்துவிடுகிறது. முறை வந்தால் "எப்படி?" என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சிறுமி இருவரையும் பெயரோடு அக்கா சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சித்தி என்று சொல்லச் சொன்னவர்கள் உண்டு. அந்தச் சொல்லுக்குள் கதைகளும் சீரியல்களும் ஏற்றி வைத்திருக்கும் மாற்றாந்தாய்க் கொடுமை அவளுக்கே தெரியும்.

2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழி அல்ல என்றும், தேர்ந்தெடுத்த குடும்பம் என்பது பால்புதுமையினர் (LGBTQIA+ மக்கள்) தொடர்பான சட்டப் பார்வையில் நிலைபெற்ற கருத்து என்றும் சொன்னது. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் குடும்பம் என்றால் ஒரே வார்ப்பு அல்ல என்று விரிவாகப் பேசியது. இரண்டையும் மனதார வரவேற்கிறேன். 'தேர்ந்தெடுத்த குடும்பம்' என்ற சொல்தான் எனக்கு ஒட்டவில்லை. சேலை எடுப்பதுபோல் யாரும் இங்கே தேர்ந்தெடுக்கவில்லை. ஒரே அறையில் வாடகை பகிர்ந்தார்கள், ஒருத்தி இறந்தாள், பிள்ளை இருந்தது. தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகுவது என்று நம்மிடம் ஒரு வழக்கு இருக்கிறது. பழகிப் பழகி ஆவதைச் சொல்லும் அந்தச் சொல்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

திருநங்கையரிடம் இதற்கு வழிமுறையே உண்டு. மூத்தவர் இளையவரை மகளாக எடுத்துக்கொள்வார். எதிர் அறைக்காரருக்கும் கோவையில் அப்படி ஓர் அம்மா இருக்கிறார். மாவு வாங்க வந்த ஒருவர் "உங்கள் அம்மா ஊரில் சௌக்கியமா?" என்று கேட்க, அவர் "எனக்கு இரண்டு பேருங்க. பெற்றவர் ஊரில், எடுத்தவர் கோவையில். யாரைக் கேட்கிறீர்கள்?" என்றார். வெகு சாதாரணமாகச் சொன்னார். சிறுமி வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாங்கிப் போன எந்தப் புத்தகமும் அந்த ஒரு வாக்கியம் செய்ததைச் செய்யவில்லை.

அட்டைப் புத்தகம்

செப்டம்பரில் பிள்ளைகளே ஒரு புத்தகம் செய்யட்டும் என்று முடிவு செய்தோம். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு புத்தகங்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அந்த அளவும் அமைப்பும் பழக்கம். பதினாறு பக்கம் என்று வைத்துக்கொண்டோம். பனியன் பெட்டி அட்டையை வெட்டிப் பக்கங்கள். கட்டிங் வேஸ்ட் துணியை ஒட்டிப் படங்கள். துணியில் செய்ததால் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறம், ஒரு நெசவு. தொட்டாலே யார் என்று தெரியும்.

எழுத்துக்கு நான் வைத்தது ஒரே விதி. யார் என்ன செய்கிறார் என்று மட்டும் எழுத வேண்டும், யார் யாருக்கு என்ன முறை என்று எழுதக் கூடாது. முதல் பக்கம்: "தண்ணீர் வருகிறது. குடங்கள் வரிசையில் நிற்கின்றன." மூன்றாம் பக்கத்தில் ஒரு கை சடை பின்னுகிறது: "இறுக்கமாகப் பின்னுகிறார். வலிக்கிறது." 'வலிக்கிறது' வேண்டாம் என்று ஒரு பெரிய பெண் அடித்தாள். சிறுமி அழிப்பானைப் பிடுங்கிக்கொண்டாள். வலிக்கத்தான் செய்கிறது, டெய்லர் கை அப்படி, இருக்கட்டும் என்றாள். இருக்கிறது.

ஏழாம் பக்கத்தில் ஒரு சட்டமிட்ட படமும் பூவும். "வெள்ளிக்கிழமை பூ வைக்கிறோம்." அந்தப் பக்கத்தின் துணி, அவள் அம்மாவின் பழைய சேலையிலிருந்து வெட்டியது.

'அவர்' என்ற சொல்லை நான் பெருமையாகப் பயன்படுத்தச் சொன்னேன். மரியாதையும் உண்டு, ஆண் பெண் என்று காட்டுவதும் இல்லை, எதிர் அறைக்காரரின் பக்கத்துக்கு நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். அவரிடம் காட்டியபோது முகம் சுருங்கியது. "நான் பெண்ணாக வாழ்வதற்கு எவ்வளவு பட்டிருக்கிறேன் தெரியுமாங்க? 'அவர்' என்று போட்டு மூடாதீர்கள். அத்தை என்று போடுங்கள்." விதி அன்றே உடைந்தது. எட்டாம் பக்கத்தில் "அத்தை மாவு ஆட்டுகிறாள்" என்று எழுதியிருக்கிறது. முறை கூடாது என்று நான் போட்ட விதி, முறையே கிடைக்காமல் இருந்தவருக்கு இன்னொரு கதவடைப்பு என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை.

கடைசிப் பக்கத்தில் "இவர்கள் எனக்கு" என்று எழுதி இடம் விட்டிருந்தோம். அவரவர் பிரதியில் அவரவர் நிரப்ப வேண்டும். அண்ணன்மாரோடு மட்டும் வாழும் ஒடிசாப் பையன், தனக்குச் சோறு போடும் பக்கத்து அறைப் பெண்ணை நினைத்து 'மாவுசி' என்று எழுதினான். அவன் மொழியில் அம்மாவின் சகோதரி.

தைத்து முடிப்பதற்குள் மெஷினில் இரண்டு ஊசி உடைந்தது. பிறகு டெய்லர் கோணூசியால் கையிலேயே தைத்தார். மூலப் பிரதி ஒன்று, கலர் ஜெராக்ஸ் பிரதிகள் இருபத்திரண்டு.

எல்லாரும் மகிழவில்லை. ஒரு பையனின் அப்பா எட்டாம் பக்கத்தைக் காட்டி, "இதெல்லாம் பிள்ளைகளுக்கு எதற்குங்க?" என்றார். அவர் வீட்டுக் குடத்தையும் அந்த அத்தைதான் நிரப்புகிறார் என்று சொல்ல நாக்கு வரை வந்தது, சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. பையனை அனுப்புவதை நிறுத்திவிட்டார். இன்றுவரை அவன் வரவில்லை.

வளாகத்து வாட்ச்மேன் காங்கயம் பக்கத்துப் பெரியவர். கொங்கு நாட்டில் சாமியாகக் கும்பிடும் பொன்னர், சங்கர் சகோதரர்களின் அண்ணன்மார் கதை அவருக்கு முழுக்கத் தெரியும். பங்காளிப் பகைக்கு அஞ்சிப் பொன்னரையும் சங்கரையும் பெற்றவர்களிடமிருந்து மறைத்து வளர்த்ததாக அவர் கேட்டு வளர்ந்த உடுக்கடிப் பாட்டு சொல்லும். "நம் சாமிகளே எடுத்து வளர்த்த பிள்ளைகள்தானுங்க" என்றார். அவர்களோடு ஒன்றாய் நின்ற சாம்புவனையும் சொன்னார். நான் அங்கே தயங்கினேன். கூடப் பிறந்தவனைவிட மேலாக நின்றாலும் கதையில் சாம்புவன் ஏவல் ஆள்தான். சாதி வேலி தாண்டாத அந்த அன்பைப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

பொங்கல்

பொங்கல் வாரம் திருப்பூரே காலியாகும். கம்பெனிகள் மூடி, ஊர் போகிறவர்கள் போய்விடுவார்கள். இவர்கள் மூவரும் போவதில்லை. இந்த முறை பாட்டி வந்தார். சிறுமி மூலப் பிரதியை அவர் மடியில் வைத்தாள். எழுத்து தெரியாது, கண்ணும் தெளிவில்லை. அவர் விரலால் படித்தார். ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது. சேலையைத் தெரிந்துகொண்டார். அழவில்லை. துணியை ஒருமுறை நீவிவிட்டுப் பக்கத்தைத் தானே திருப்பினார்.

முடித்ததும் டெய்லரைப் பார்த்து, "நீ என் மகளைவிட மூத்தவள் அல்லவா? அப்படியானால் இவளுக்குப் பெரியம்மா" என்றார். செக்கிங் அக்காவைக் காட்டி, "இவள் சின்னம்மா." எதிர் அறைக்காரரைப் பார்த்து ஒரு நொடி யோசித்தார். "அத்தை என்றா கூப்பிடுகிறாள்? அப்படியானால் எனக்கு நீ மருமகள்" என்றார். மாவுக் கையோடு நின்றவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெளியே வர வெகு நேரம் ஆனது.

பாட்டியின் கணக்கில் ஓர் இடறல் உண்டு. அதன்படி டெய்லரும் செக்கிங் அக்காவும் அக்கா தங்கை ஆகிறார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுக்கவில்லை. பிறகு குழாயடியில் செக்கிங் அக்கா என்னிடம், "அக்கா தங்கச்சி இல்லைங்க" என்று மட்டும் சொன்னார்.

புத்தகத்தின் பதினொன்றாம் பக்கத்தில் வாசற்படியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஒரே டீ டம்ளர். அந்தப் பக்கத்துக்கு மட்டும் எழுத்து கிடையாது. அக்டோபரில் படம் ஒட்டும்போதே நான் கேட்டேன். "இதற்கு எழுத வேண்டாம்" என்று சிறுமி சொல்லிவிட்டாள். ஜெராக்ஸ் எடுத்தவர் அச்சுப்பிழை என்று நினைத்து, விட்டுப் போனதா என்று கேட்டார். இல்லை, அப்படியே எடுங்கள் என்றேன்.

மூலப் பிரதி பாட்டியோடு மஞ்சப்பையில் ஊருக்குப் போய்விட்டது.